இரண்டு துண்டு

போன மாதம் பவானி கூடுதுறையில் கணவரின் அஸ்தியைக் கரைத்துவிட்டுப் படியேறும்போது, "திரும்பிப் பார்க்காம வாங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். வேலாமணி ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டாள். ஆற்றில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

இப்போது ஆபீஸ்காரர்கள் ஊட்டியைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று இழுத்து வந்திருந்தார்கள். எமரால்டு பக்கம் ஓர் ஏரியில், மிதக்கும் பலகைமேல் நின்று துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். மற்றவர்கள் பயந்து ஒதுங்கிக்கொண்டு, எதற்கும் தலையாட்டுகிற வேலாமணியைத் தனியாக ஏற்றிவிட்டார்கள். அவளுக்குக் குளிர்கூட உறைக்கவில்லை.

"முன்னாடியே பாருங்கக்கா, திரும்புனா சாஞ்சிருவீங்க" என்று கரையிலிருந்து கத்தினார் பயிற்சியாளர் பாலகுமார்.

நடு ஏரியில் பலகையின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. அதற்குப் பிறகு அது ஆடவே இல்லை. வேலாமணி நேராகப் பார்த்துத் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தாள்.

பாலகுமார் இரண்டு துண்டுகளை நீட்டினார். "நீங்க நனையவே இல்லீங்க. உங்க பின்னாடி நின்னு வந்த சார்தான் முழுக்க நனைஞ்சுட்டாரு. தொவட்டிக்கச் சொல்லுங்க."

ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றைத் திரும்பாமலே பின்னால் நீட்டினாள். அது மெல்ல இழுபட்டு, கையை விட்டுப் போனது.