யாருக்கான வேண்டுதல்?

பிளாஸ்க்கோடு வார்டுக்குள் நுழைந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்வெட்டர் போட்ட அந்தப் பெரியவர் இன்றைக்கும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தார்.

"போதும், எழுந்திருங்க! எங்கப்பா ஆயுசுல சாமி கும்பிட்டதில்லை. நெஞ்சைக் கிழிச்சுத் தைச்சிருக்காங்க, எழுந்து ஓட முடியாதுன்னுதானே வந்து உக்காந்துக்கிறீங்க? சாவு பயத்தைக் காட்டி ஆள் பிடிக்க வேற இடமே கிடைக்கலையா?"

பெரியவர் எழுந்து, சுவரைப் பிடித்தபடி வெளியே போனார்.

"நீங்களாவது வேண்டாம்னு சொல்லக் கூடாதாப்பா? சாமியே இல்லைன்னு ஊரெல்லாம் சண்டை போடுவீங்களே!"

"எப்படிம்மா சொல்றது? எனக்கு ஆபத்து தாண்டிடுச்சு. அவர் பக்கத்து வார்டு நோயாளி. நாளைக்கு அவருக்கு ஆபரேஷன். தனக்காக வேண்ட உக்காந்தா பயத்துல வார்த்தை வரலையாம், கை உதறுதாம். இன்னொருத்தருக்காக வேண்டினா உதறல் நிக்குதாம். கையை நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கிறதுல எனக்கென்ன குறைஞ்சு போச்சு?"

மகள் பிளாஸ்க்கை வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினாள். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த பெரியவரின் இரண்டு கைகளும் உதறிக்கொண்டிருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எனக்காகக் கொஞ்சம் வேண்டிக்குங்க."

"என்னன்னு வேண்டிக்கட்டும்மா?"

"என் வாய்க்கொழுப்பு அடங்கணும்னு."

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்குக் கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லையா?" என்றார்.