அஞ்ஞானி வீட்டு மரம்

“எங்கம்மா இருக்கிற வீட்டுலயா அத்தை மரம் வெச்சீங்க?”

நாத்தனார் மகன் வாசலிலேயே நின்றுவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முட்டி ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் தன் அம்மாவோடு கிறிஸ்துமஸ் கொண்டாட, புது மனைவியையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்தவன்.

“ஏம்ப்பா, மரம் உன்னை என்ன பண்ணுச்சு?” என்றேன்.

“அஞ்ஞானம் அத்தை. கர்த்தர் பிறப்புக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? காட்டையும் மரத்தையும் கும்பிட்டவங்க வெச்ச பழக்கம் இது.”

“இது எந்தக் காட்டுலயும் வளரலடா. பிளாஸ்டிக். பரண்ல இருந்து இறங்கினது.”

என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். எந்தச் சண்டையிலும் அவர் பங்கு அவ்வளவுதான்.

“கிண்டல் பண்ணாதீங்க. வேர் தப்புன்னா எல்லாமே தப்பு.”

“எங்க ஸ்கூல்ல சிஸ்டர்ங்க வருஷா வருஷம் மரம் வெச்சாங்க. அவங்களும் அஞ்ஞானியா?”

“யார் வெச்சாலும் தப்புதான்.”

“சரி. நீ என்னைக்கு சர்ச்சுக்குப் போறே?”

“ஞாயித்துக்கிழமை.”

“ஞாயிறுன்னா சூரியன். சூரியனைக் கும்பிட்டவங்க வெச்ச பேரு. வேற நாள் பார்த்துக்கோ. திங்கள்? அது நிலா. சனியைப் பத்திப் பேசவே வேண்டாம்.”

அவன் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்ததும், பாவம், இருமுவதுபோல் சமாளித்தாள்.

“பேர் வேற, பழக்கம் வேற அத்தை. இது நான் புதுசா கண்டுபிடிச்சது இல்ல. சின்ன வயசுல எங்கம்மா சொல்லிக் கொடுத்தது. எங்க வீட்டுல ஒரு வருஷம்கூட மரம் வெச்சதில்ல, நட்சத்திரம் மாட்டினதில்ல. அவங்களை உட்கார வெச்சுக்கிட்டே இப்படிப் பண்ணியிருக்கீங்களே!”

நான் நாத்தனாரைப் பார்த்தேன். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். (இந்த உவமையும் அஞ்ஞானம்தான். அவன் காதில் விழ வேண்டாம்.)

விஷயம் என்னவென்றால், மரத்தை வைக்கச் சொன்னதே அவள்தான்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, என் வீட்டு மரத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள். அவள் இருக்கிறாளே என்றுதான் இந்த வருஷம் மரத்தைப் பரணிலேயே விட்டுவைத்தேன். போன வாரம் அவளாகவே, “ஏண்டி, உன் மரம் எங்கே?” என்றாள். வலிக்கிற காலை முக்காலிமேல் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடிக் குண்டையும் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். நான் மாட்டினால், “அங்கே இல்ல, கொஞ்சம் கீழே” என்று அதிகாரம் வேறு.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன்.

“நீயே சொல்லும்மா,” என்றான் மகன்.

அவள் சேலை நுனியைத் திருகிக்கொண்டே, “உங்க அத்தைக்கு அதுலெல்லாம் ஆசை,” என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அத்தை, ஒண்ணு இந்த மரம் இருக்கட்டும், இல்ல நாங்க இருக்கோம். நீங்களே முடிவு பண்ணுங்க. மரம்தான்னா, அம்மாவை இப்பவே கூட்டிட்டுப் போறேன். அப்புறம் இந்தப் படியை மிதிக்க மாட்டேன்.”

சொன்னால் செய்கிறவன் அவன். அவனைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவள் நான், எனக்குத் தெரியாதா?

“அண்ணி, உண்மையைச் சொல்லுங்க,” என்று ஆரம்பித்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே கும்பிடுவது என்றால் என்னவென்று அன்றுதான் பார்த்தேன்.

ஏன் என்று புரியாமலே, “சரிப்பா, என் தப்புதான். எடுத்துடு,” என்றேன்.

செய்தித்தாள் சட்டென்று கீழே இறங்கியது. என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் இதுவரை கேட்டதில்லை.

நாத்தனார் மகன் செருப்பைக் கழற்றினான். மரத்தைத் தானே தூக்கி பால்கனி மூலையில் வைத்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்காகக் கண்ணை மூடி ஜெபம் வேறு பண்ணினான். நானும் மூடிக்கொண்டேன், வேறு வழி?

ஆமென் சொன்ன கையோடு சமையலறைக்குள் போனேன். பின்னாலேயே வாக்கரை ஊன்றிக்கொண்டு நாத்தனார் வந்தாள்.

“என்ன அண்ணி கூத்து இது? மரம் அஞ்ஞானமா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஆசை உங்களுக்கு, கோபம் அவனுக்கு, நடுவுல பாவி நானா?”

அவள் கதவைச் சாத்தினாள்.

“அஞ்ஞானமா இல்லையான்னு எனக்கென்னடி தெரியும்? நான் யார்கிட்டயும் கேட்டதுகூட இல்ல.”

“அப்புறம் எதுக்கு அவன்கிட்ட அப்படிச் சொல்லி வளர்த்தீங்க?”

“அவங்கப்பா விட்டுட்டுப் போன வருஷம். தெருவுல எல்லா வீட்டு ஜன்னல்லயும் மரம் மின்னுது. ‘நம்ம வீட்டுல மட்டும் ஏம்மா இல்லே’ன்னு கேட்டான். கையில ஒண்ணும் இல்லேன்னு சொல்ல மனசு வரல. ‘அதெல்லாம் அஞ்ஞானம்டா, நாம அதுக்கெல்லாம் மேலே’ன்னு சொல்லிட்டேன். மறுநாள் அந்தத் தெருவுல அவன் நடந்த நடையை நீ பார்த்திருக்கணும்... ராஜா மாதிரி நடந்தான்.”

“அதுக்காக? இப்ப அவன் பெரியவன். நல்லா சம்பாதிக்கிறான். சொன்னா என்ன அண்ணி?”

நாத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“இத்தனை வருஷம் கழிச்சு, என் பிள்ளையை ஏழையாக்கச் சொல்றியா?”