நாலு இடம் பார்த்துவிட்டு

தலையணையை எடுத்து முகர்ந்து பார்த்தார் என் கணவர்.

விடுதிக்காரம்மா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. சமையலைப் பாதியில் விட்டுவிட்டு, மாடியேறி வந்து எங்களுக்கு அறையைத் திறந்து காட்டுகிறாள்.

தலையணையில் குற்றம் கிடைக்கவில்லை. அடுத்து மெத்தையை முஷ்டியால் குத்திப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். விளக்கைப் போட்டு அணைத்தார்.

என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, குளியலறைக்குள் போய் எல்லாக் குழாய்களையும் திருகிவிட்டு வெந்நீருக்காகக் காத்திருந்தார். வெந்நீர் வந்துவிட்டது. பாவம், கொஞ்சம் ஏமாந்துதான் போனார்.

நான் ஜன்னல் பக்கம் நின்றேன். வெளியே ஓர் ஆப்பிள் மரம் காய்த்துக் கிடந்தது. கட்டிலில் சலவை விரிப்பு. காலையிலிருந்து கார் ஓட்டியதில் என் கழுத்து மரக்கட்டையாகியிருந்தது. அந்தக் கட்டிலில் விழுந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

இந்தப் பயணத்தில் காரை ஓட்டுவது நான். அறையைத் தேர்ந்தெடுப்பது அவர்கள் இருவரும். இந்த நாட்டில் ஓட்டுவதற்கான லைசென்ஸ் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. குறை சொல்வதற்கான லைசென்ஸ் அவர்கள் குடும்பச் சொத்து.

முன்கூட்டிப் பதிவு செய்வது என் கணவருக்குப் பிடிக்காது. போட்டோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், நேரில் பார்க்காமல் தலையைக் கொடுப்பவன் முட்டாள் என்பார். அதனால் தினமும் மதியத்துக்கு மேல், வழியில் பலகை தொங்கும் விடுதி ஒன்றுவிடாமல் இறங்கி ஏறுவோம்.

கீழே வந்தோம். அந்த அம்மா காப்பி கொடுத்தாள், கேக்கும் கொடுத்தாள். நாத்தனார் இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு, மாடிப்படி கிறீச்சிடுகிறது என்று தம்பியின் காதில் சொன்னார்.

"நாலு எடம் பாத்துட்டுச் சொல்றோம்," என்றார் என் கணவர், தமிழிலேயே.

அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் புரிந்துவிட்டது. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பார்த்தோம். நாலோடு நிற்கவில்லை.

ஆற்றங்கரையில் ஒன்று. ராத்திரி முழுக்கத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், ஆகாது. பாலம் தாண்டிப் போனால் இன்னொன்று, அங்கே நாய். அது எங்களைப் பார்த்து வாலைத்தான் ஆட்டியது, இருந்தாலும் நாய் நாய்தானாம். ஒரு விடுதிக்காரர் வாசலுக்கே ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார். இப்படி விழுந்து விழுந்து உபசரிக்கிறான் என்றால் அறையில் என்னவோ கோளாறு என்று நாத்தனார் உள்ளேயே போகவில்லை.

மலைச்சரிவில் இருந்த அறையில் மட்டும் யாராலும் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. என் கணவர் சுற்றிச் சுற்றி வந்தார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். கடைசியில், இவ்வளவு நல்ல அறை இன்னும் காலியாகக் கிடக்கிறது என்றால் வெளியே சொல்லாத விஷயம் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி இறங்கி வந்தார்.

அதற்குப் பிறகு விடுதிகள் தீர்ந்துபோயின. வெறும் வயலும் வேலியும்தான் வந்தன. தூறல் பிடித்துக்கொண்டது, வெளிச்சமும் மங்கியது. காரைத் திருப்பினேன். மலைச்சரிவு அறைக்கு வேறு யாரோ வந்துவிட்டிருந்தார்கள். ஓடிவந்து பெட்டி தூக்கியவர் இப்போது நாற்காலியை விட்டே எழவில்லை, இருந்த இடத்திலிருந்து கையை விரித்தார். நாய் இருந்த விடுதியிலும் ஆற்றங்கரை விடுதியிலும்கூட அறைகள் நிரம்பிவிட்டிருந்தன.

"அந்த மொத எடமே தேவல. போனா போகுது, அங்கயே போலாம்," என்றார் நாத்தனார் பின் சீட்டிலிருந்து, பெரிய மனசு பண்ணி.

எனக்கு உயிர் வந்தது. அந்தக் கட்டிலை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

விடுதிக்காரம்மா கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் அத்தனை அறைச் சாவிகளும் ஆணிகளில் தொங்கின. வாசலில் எங்கள் காரைத் தவிர வேறு கார் இல்லை. என் கணவர் மாடியைச் சுட்டிக்காட்டினார். கன்னத்தில் கையை வைத்துத் தூங்குவதுபோல் நடித்தார். அவளுக்கு வாழ்வு கொடுக்க வந்தவர்போல ஒரு சிரிப்பும் சிரித்தார்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் பின்னால் குடை பிடித்து நின்ற நாத்தனாரைப் பார்த்தாள். நிதானமாக, மரியாதையாக, இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

காருக்குள் வந்ததும் அக்காவும் தம்பியும் பொரிந்து தள்ளினார்கள். சாவியெல்லாம் கண்ணெதிரே தொங்குகிறதாம், தேடி வந்தவர்களை இல்லையென்று அனுப்புகிறாளாம், திமிராம்.

இன்று தூக்கம் காரில்தான். என் கழுத்தை நினைத்து எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வீட்டைப் பார்த்து வயிற்றெரிச்சல்தான் வந்தது.

என் அம்மாவும் ஒரு சாயங்காலம் இப்படித்தான் கதவைத் திறந்தாள். வெளியே நின்றவர்கள் இதே அக்காவும் இதே தம்பியும். முந்தின வருஷம் என்னைப் பார்க்க வந்து, நடக்கவிட்டு, பேசவிட்டு, நிறத்தைப் பற்றித் தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டுப் போனவர்கள், வேறெங்கும் அமையாமல் திரும்பி வந்திருந்தார்கள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, இல்லையென்று சொல்லிவிடு அம்மா, இல்லையென்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"உள்ளதாங்க இருக்கா," என்றாள் அம்மா. "வாங்க, வாங்க."