இடுப்பு வரை சேறு

மடியில் இருந்த துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே மூன்று காலண்டர்கள். போன மூன்று வருடத்தினுடையவை.

கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். பாதுகாக்கப்பட்ட உப்பங்கழியை ஒட்டிக் கிழக்கு ஓரத்தில் நூற்றிருபது வில்லா கட்டலாமா, கூடாதா என்று ஊரைக் கேட்கிறார்கள். மேடையில் மூன்று அதிகாரிகள்.

அவள் மேடையைப் பார்க்கவில்லை.

முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுடைய வீட்டுக்காரர். பக்கத்து நாற்காலியில் வைஷாலி.

பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள். மூன்று வருடம் ஆகிறது. இன்னும் முடியவில்லையாம். அப்படி என்ன பெரிய ஆராய்ச்சியோ.

கூட்டுறவுச் சங்கத்தில் நாலரைக்கு அவருக்கு வேலை முடியும். வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிப்பதில்லை. நேரே கழிக்குப் போய்விடுவார். முன்பும் போனவர்தான். ஆனால் அப்போதெல்லாம் கரையில் அந்தப் பெண்ணின் ஸ்கூட்டி நின்றதில்லை. மொட்டை மாடியில் ஏறினால் கரை நன்றாகத் தெரியும்.

யாரிடம் சொல்ல?

காலண்டரில் எழுதினாள். பால் வராத நாளையும் சிலிண்டர் வந்த நாளையும் குறிக்கிற அதே கட்டத்தில். அவருடைய பேண்ட்டைத் துவைக்கும்போது ஈரமும் சேறும் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்ப்பாள். கணுக்கால். முழங்கால். இடுப்பு. ஸ்கூட்டி நின்ற நாளுக்குச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

ஒரு நாள்கூட விடவில்லை.

இன்று கூட்டம் முடிந்ததும் அந்தப் பெண்ணை வாசலில் நிறுத்தித் தேதி வாரியாகக் கேட்பதாக இருந்தாள். நாலு பேர் முன்னால். வெட்கப்படட்டும்.

வில்லா வந்தால் வரட்டும். கரையை வேலி போட்டு அடைப்பார்கள். அந்தப் பெண் மூட்டை கட்டுவாள். அவர் ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பார். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கம்பெனிக்காரர் பேசி முடித்தார். அந்த இடம் காய்ந்த தரிசு என்றார். மழைக்காலத்தில் நாலு நாள் ஈரம், மற்றபடி கழிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

மண்டபம் கூச்சல் போட்டது. அங்கே தண்ணீர் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும்.

தலைமை அதிகாரி கையை உயர்த்தினார்.

“நிக்குதுன்னு எல்லாரும் சொல்றீங்க. எழுத்துல ஏதாவது இருக்கா?”

வீட்டுக்காரர் வைஷாலியைப் பார்த்தார். வைஷாலி எழுந்து தாள்களைப் புரட்டினாள். எத்தனை கொக்கு, எத்தனை நாரை, எல்லாம் இருந்தது. எவ்வளவு தண்ணீர் என்பது இல்லை.

உன்னிடம் இல்லையா? என்னிடம் இருக்கிறது.

எப்போது எழுந்தாள், எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்காரர் பேண்ட்டில் சேறு எதுவரை என்ற கணக்கு சார் என்றாள். அதிகாரி காலண்டர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது அந்த இடத்துச் சேறுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

“அங்க மட்டுந்தான் சார் கறுப்புச் சேறு. எந்த சோப்புக்கும் போகாது. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?”

வாசிக்கச் சொன்னார். மைக்கில் வாசித்தாள்.

ஜனவரி இரண்டு, இடுப்பு. மூன்று, இடுப்பு. நான்கு, வட்டம், சேறு இல்லை.

மார்ச் பத்து, முழங்கால். பதினொன்று, வட்டம், சேறு இல்லை.

மே மாதம், அக்கினி நட்சத்திரம். கணுக்கால். கணுக்கால். வட்டம், சேறு இல்லை.

சிவப்பு வட்டங்களை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

எழுதிய அன்றோடு சரி. சேர்த்து வைத்து ஒரு தடவைகூட அவள் வாசித்துப் பார்த்ததில்லை.

வைஷாலி வந்த நாளெல்லாம் அவர் கரையோடு நின்றிருக்கிறார். பறவையைக் காட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார். தனியாகப் போன நாட்களில்தான் இறங்கியிருக்கிறார்.

இடுப்பு வரை.

நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை. வைஷாலியையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொல்லும் ஒவ்வொரு தேதிக்கும் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கல்யாணமான புதிதில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். அப்புறம் பார்த்ததில்லை.

இந்தப் பெண்ணாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. என்றைக்காவது ஒரு நாள் ஊருக்குப் போய்விடுவாள். கழி எங்கே போகும்?

ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலை தூக்கினார்.

“எதுக்காகக் குறிச்சு வெச்சீங்கன்னு கேப்பாங்கம்மா. என்னன்னு போடட்டும்?”

“பொறாமைன்னு போடுங்க.”

யாரோ சிரித்தார்கள். மண்டபமே முன்வரிசைப் பக்கம் திரும்பியது. வைஷாலி குனிந்துகொண்டாள்.

“யார் மேலம்மா?”

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. சும்மா குத்துமதிப்பாகக் கிறுக்கினேன் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வில்லா வந்துவிடும். கரை அடைபடும். இறங்குவதற்குச் சேறு இருக்காது. ஐந்து மணிக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, அவள் போட்ட காபியைக் குடிப்பார்.

அந்த முகம் இருக்காது.

“அது எதுக்கு சார் இப்ப? அங்க தண்ணி நிக்குது. மே மாசத்துலயும் நிக்குது. அதை எழுதுங்க.”

தாள்களைப் புரட்டினாள். மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“அக்டோபர் பதினெட்டு,” என்றாள். “இடுப்பு வரைக்கும்.”