இருநூற்றாறாம் பக்கம்

குற்றவியல் நீதிப் பட்டப்படிப்பின் முதலாண்டு மாணவர்களுக்குப் பேராசிரியர் வருடா வருடம் அதே காகிதக் கட்டைத்தான் கொடுப்பார்.

பழைய கொள்ளை வழக்கு ஒன்றின் சாட்சியங்கள். முந்நூறு பக்கம். ஒரு பாவமும் அறியாத ரொட்டி வண்டிக்காரன் ஒருவனுக்கு ஏழு வருடம் சிறை வாங்கிக்கொடுத்த வழக்கு.

"ஓட்டை இதுக்குள்ளதான் இருக்கு. ஒரு வாரம் டைம்."

மேல்முறையீட்டில் அவனை வெளியே கொண்டுவந்தவர் பேராசிரியர்தான். அப்போது அவர் இளம் வக்கீல். அந்த ஓட்டையை மூன்று நாள் உட்கார்ந்து தேடிப்பிடித்த கதையை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார். அந்த ஒரு வெற்றிதான் அவரை ஆளாக்கியது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும், இதுவரை எந்த மாணவருக்கும் அது அகப்பட்டதில்லை.

இந்த வருடம் முன்வரிசையில் அறுபத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர். வகுப்பே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். பரீட்சை வந்தால் அத்தனை பேரும் அவருடைய நோட்டுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள்.

கட்டுகளைக் கொடுத்து முடிப்பதற்குள் அவர் எழுந்தார்.

"பதினாலாம் பக்கமும் இருநூத்தி ஆறாம் பக்கமும், சார். ஏழரை மணிக்குத் தெருவிளக்கு வெளிச்சத்துல முகத்தைப் பார்த்தேங்கறார் பக்கத்துக் கடைக்காரர். அன்னிக்கு ஏழுலேர்ந்து ஒம்பது வரைக்கும் அந்தத் தெருவுக்கே கரெண்ட் இல்லைங்கறார் லைன்மேன். அலறல் சத்தம் கேட்டுச்சான்னு விசாரிக்கத்தான் அவரைக் கூப்பிட்டாங்க. போற போக்குல சொன்னார். யார் காதுலயும் விழல."

கட்டு கிடைத்தவர்கள் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார்கள்.

பேராசிரியர் அவருடைய மேசையைப் பார்த்தார். கட்டின் நாடா இன்னும் அவிழ்க்கப்படவே இல்லை.

"முன்னாடியே படிச்சிருக்கீங்களாம்மா?"

"டைப் அடிச்சிருக்கேன், சார். அந்தக் கோர்ட்ல நான் டைப்பிஸ்ட். டைப் அடிக்கிறவ இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லலாமா கூடாதான்னு அன்னிக்குத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் படிக்க வந்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டித் தீர்த்தார்கள்.

பேராசிரியரின் கைகள் மட்டும் எழவில்லை.

மேல்முறையீட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தபாலில் அவருக்கு ஒரு தாள் வந்திருந்தது. டைப் அடித்த ஒரே வரி. 'பக்கம் 14, பக்கம் 206: சேர்த்துப் படிக்கவும்.' கையெழுத்து கிடையாது. வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து யாரோ அனுப்பியது.

அதைப் பற்றி அவர் மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை.

இதோ, பெரியம்மாவும் அந்தத் தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டிருக்கலாம். அதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவரோ தலையைக் குனிந்து, நோட்டில் இன்றைய தேதியை எழுதிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார் பேராசிரியர். பிறகு மேடையை விட்டுக் கீழே இறங்கினார்.

"இருபத்தாறு வருஷமா ஒரு பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்று ஆரம்பித்தார்.