கட்டிலடிச் சாட்சி

துறைமுகத் தெருவில் யார் வீட்டில் என்ன கறி என்பதுவரை அறிந்தவள் இராசமலர். பக்கத்து வீட்டுக் கோணேசனுக்கு மனநோய் முற்றிவிட்டதென்று டொக்டரிடம் சொல்லவும் அவளே கூட வந்திருந்தாள்.

"முந்தியே காதில குரல் கேட்கிறவன், டொக்டர். இப்ப நேவிக்காரர் வெடி சுட்டுப் பழகினால் கட்டிலுக்குக் கீழே பூந்து நடுங்குறான். குரலுக்குப் போடுற குளிசையைக் கூட்டுங்கோ."

"கூட்டினால் நாள் முழுக்க நித்திரைதான், கடலுக்குப் போக ஏலாது" என்று கெஞ்சினான் கோணேசன். "குரல் வேற, இது வேற, டொக்டர். இது சண்டையில செல்லடிச்ச காலத்துப் பயம்."

"விசரன்ர கதையை நம்பாதேங்கோ. செல் எல்லாருக்கும்தானே விழுந்தது! நான் என்ன நடுங்குறனா?"

டொக்டர் றம்ஸியா பேனையை எடுத்தார். "கட்டிலுக்குக் கீழே அவர் நடுங்கினது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆரும் சொன்னவையோ?"

கேள்விப்பட்ட கதையென்றால் தன் பெயர் என்னாவது? இராசமலருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆரும் சொல்லவேணுமோ? அவன்ர வீட்டில கதைச்சுக்கொண்டிருக்கத்தான் வெடிச்சது. நான்தானே முந்திப் பூந்தனான்! அவன் பிந்தி வந்து என்ர காலை உழக்கினவன்."

டொக்டர் பேனையை மூடினார்.

"குளிசை கூட்டத் தேவையில்லை. இந்தப் பயத்துக்கு வேற வைத்தியம் இருக்கு. இனிக் கிழமைக்கு ஒருக்கா ரெண்டு பேரும் வாங்கோ."