சிக்னல் கல்

"போன்ல பேசுறதுக்கு எதுக்குடி இம்புட்டு பவுடரு? அந்த கம்பெனி சேருக்கு மணக்கவா போகுது?"

பேச்சியம்மா கேட்டதும், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாறை மேல் நின்ற கிருஷாந்திக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது.

"பேச்சி அத்தை, இன்னைக்கு ஒரு நாளைக்காவது சும்மா இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வாய் ஓடுனாத்தான்டி எனக்குக் கை ஓடும். கொழுந்து கொறஞ்சா கங்காணிக்கு நீயா பதில் சொல்லுவ?"

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குள் போன் எடுக்காது. மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், தேயிலைக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் இந்தப் பாறையில் ஏறினால்தான் பேச்சு கேட்கும். அதற்குப் பேரே சிக்னல் கல். கல்யாணப் பேச்சானாலும் சண்டையானாலும் இதில் நின்றுதான் பேச வேண்டும், மலையே கேட்கும். ரகசியம் பேச ஆசைப்படுகிறவர்கள் ஹட்டனுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

பட்டம் வாங்கி வந்ததிலிருந்து கிருஷாந்தி வேலை தேடுகிறாள். இதற்கு முன் பேசிய இடங்களில், "தோட்டத்தில் இருக்கிறேன், இங்கே சிக்னல் கொஞ்சம் குறைவு" என்று உண்மையைச் சொன்னாள். பிறகு சொல்கிறோம் என்றவர்கள் பிறகு சொல்லவே இல்லை. இன்றைக்குக் கூப்பிடப்போவது ஒரு கொழும்புக் கம்பெனி, கணக்குப் பிரிவு. இதுவும் கைநழுவினால் அடுத்த வாரமே கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா சீதாலெட்சுமிக்கு அது நெஞ்சில் பாரமாகக் கிடந்தது. அதனால்தான் அவள் மட்டும் சிரிக்காமல், மகளைப் பார்த்தபடியே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. காதில் வைத்தால் கேட்காத பழைய போன் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ராஜ் பேசுகிறேன்" என்றது ஒரு குரல், வழுவழுப்பான ஆங்கிலத்தில். "எங்கே இருந்து பேசுகிறீர்கள்?"

"வீட்டில்தான் சேர். என் அறையில் இருந்து" என்றாள் கிருஷாந்தியும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் சொன்னால் பொய்க்குப் பாவம் கொஞ்சம் குறைவு என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

"அறையில் காற்று அதிகமோ?"

"ஜன்னல் திறந்திருக்கிறது, சேர்."

கணக்கில் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். பாதியில் பூசாரி கோயில் மணியை ஆட்டிவைத்தார்.

"அது என்ன சத்தம்?"

"சுவர்க் கடிகாரம், சேர்."

"ஏய், அந்தத் தேயில நெரைய அப்புடியே விட்டுட்டுப் போறீங்களே, யாரு வந்து புடுங்குறது?" என்று பேச்சியம்மா கத்தினாள்.

"இது?"

"பக்கத்து வீட்டு டீவி, சேர்."

எதிர்முனையில் ஒரு செருமல். கிருஷாந்தியின் காலில் அட்டை வேறு ஊர்ந்தது. குனிந்து எடுக்கவும் பயம்.

பேச்சியம்மாவுக்கு அப்போது பார்த்துப் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது.

"இந்தக் கல்லோட ராசியே இதுதான்டி. அன்னைக்கும் கீழ இருக்குற பணிய லயத்து வீரபத்திரன் மகன் இப்புடித்தான் பவுடரப் பூசிக்கிட்டு, இங்கிலீசுல கொஞ்சிக்கிட்டு நின்னான். எவளோ ஒருத்திய இழுத்துட்டு ஓடப்போறான்னு அவங்க அப்பன்கிட்ட நான்தான் சொல்லிக்குடுத்தேன். முதுகுத் தோலு உரிஞ்சிருச்சு பயலுக்கு! அப்பப் போனவன்தான், இந்தப் பக்கமே காணல."

மலை முழுக்கச் சிரிப்பு. போனில் மட்டும் சத்தமே இல்லை.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் கிருஷாந்தி. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை கொழுந்தில் அப்படியே நின்றிருந்தது. எப்படியும் கிடைக்கப்போவதில்லை, பொய்க்காரி என்ற பேராவது வேண்டாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"சேர், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அறையில் இல்லை. எனக்கென்று அறையும் இல்லை. தோட்டத்தில் ஒரு பாறை மேல் நிற்கிறேன். நீங்கள் கேட்டது கடிகாரம் இல்லை, கோயில் மணி. டீவியும் இல்லை, எங்கள் அத்தை. உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காதோ என்ற பயத்தில் பொய் சொல்லிவிட்டேன்."

பெண்களுக்கு ஆங்கிலம் புரியவில்லை. ஆனாலும் அவள் குரல் உடைந்தது புரிந்தது. பேச்சியம்மாவின் வாய்கூட மூடிக்கொண்டது.

எதிர்முனையில் மெல்லச் சிரிப்பது கேட்டது. அப்புறம் அந்தக் குரல், ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தமிழில் பேசியது.

"கணக்கெல்லாம் சுத்தமா சொன்னீங்க. பொய்தான் உங்களுக்குச் சரியா வரல. கணக்கு வேலைக்கு அதுவும் நல்லதுதான். திங்கக்கிழமை வந்து சேந்துருங்க."

கிருஷாந்தி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சேர்... நிசமாவா சேர்?"

"நிசமாத்தான். அந்தக் கல்லு ஓரத்துல பாசி வழுக்கும், பாத்து எறங்குங்க. அப்புறம், பேச்சி அத்தைகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க: அன்னைக்கு அங்க நின்னு நான் கொஞ்சுனது எந்தப் புள்ளகிட்டயும் இல்ல, இந்தக் கம்பெனிகிட்டதான்!"